தீமூட்டும் தொடுமுனைகள்

ஒரு தொன் எடையுள்ள மோட்டார்க் கார் நடுவீதியில் நின்றுவிடுகின்றது. தாங்கியிற் பெற்றோல் உண்டு; பற்றரியில் வலுவும் உண்டு; சில்லும் அச்சும் குற்றமற்று இருக்கின்றன. ஆயினும் இயந்திரம் உயிர்பெற மறுக்கின்றது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் இத்தகைய காரின் முன்மூடியைத் திறந்த கைதேர்ந்த தொழிலாளி, பெரிய பாகங்கள் எவற்றையுந் தொடுவதற்கு முன், கறுத்த சிறு மூடி ஒன்றின் கவ்விகளை நெகிழ்த்தி, அதனுள்ளே ஒன்றையொன்று நோக்கியிருந்த இரண்டு உலோகப் பொட்டுகளையே உற்றுப் பார்த்தார். மிளகளவேயான அப்பொட்டுகளைப் 'பொயின்ற்' என்று அவர் அழைத்தார். தமிழில் அவற்றைத் தொடுமுனைகள் எனலாம்.

இத்தொடுமுனைகள் ஆற்றிய வேலை எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கினால் உணரலாம். நான்கு சிலிண்டர்களைக் கொண்ட கார் இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழல்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு தீப்பொறிகள் வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு 6,000 தடவை, அதாவது நொடிக்கு 100 தடவை, தொடுமுனைகள் விலகி மீண்டுஞ் சேர வேண்டும். அதே வேகத்தில் 8 மணி நேரம் ஓடினால் அவை 28,80,000 தடவை பிரிந்து கூடிவிடும். அவ்வாறு பிரியும்போது அவற்றிடையே தோன்றும் இடைவெளியோ, ஓர் அங்குலத்தை ஆயிரங் கூறிட்டால் ஏறத்தாழ 15 கூறு மட்டுமே. இவ்வளவு நுண்ணிய உறுப்பு ஒன்றை நம்பி மோட்டார் உலகம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. அவ்வுறுப்பு தோன்றிய வரலாறும், அதன் நோய்களை மனிதர் அறிந்த வகையும், அது மறைந்த காரணமும் அறியத்தக்கவை.

மோட்டார்க் கார் பிறப்பதற்கு முன்பே இக்கதை தொடங்கிவிடுகின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஞ்ஞானிகளின் மேசைகளில் தூண்டற்சுருள் என்னும் கருவி இடம்பெறலாயிற்று. ஓர் இரும்பு மையத்தின்மீது தடித்த கம்பியைச் சில நூறு சுற்றும், அதனோடு மெல்லிய கம்பியைப் பல்லாயிரஞ் சுற்றும் சுற்றி வைத்தால், தடித்த கம்பியில் ஓடும் மின்னோட்டம் திடீரென அறுபடும்போது மெல்லிய கம்பியின் நுனிகளில் ஒரு பொறி பாய்கின்றது. பாரிஸ் நகரிற் கருவி செய்து வாழ்ந்த றூம்கோர்வ் என்பார் 1850களில் இச்சுருளைச் செம்மைப்படுத்திப் புகழ் பெற்றார். மின்னோட்டத்தை அறுக்கும் முனைகளிலேயே பொறி வீணாகத் தெறித்து உலோகத்தைத் தின்பதைக் கண்ட பௌதிக அறிஞர் பீசோ, 1853இல் அம்முனைகளுக்குக் குறுக்கே மின்னொடுக்கி ஒன்றை இணைத்தார். முனைகள் தப்பின, பொறியும் வலுத்தது. பின்னாளில் கராஜுகளிற் 'கொண்டென்சர்' என்று வழங்கிய சிறு உருளையின் மூதாதை அதுவே.

1860இல் லெனுவார் தமது வாயு இயந்திரத்தை மின்பொறியால் இயக்கிக் காட்டினார். கால் நூற்றாண்டு கழித்து, ஜேர்மனியின் மன்னைம் நகரிலே கார்ள் பென்ஸ் தமது மூன்று சில்லு வண்டிக்கும் பற்றரியையும் அதிர்சுருளையுமே தெரிந்தெடுத்தார். அவருடைய சமகாலத்தவரான டைம்லர், செந்தணலாகக் காய்ச்சிய குழாயினால் எரிபொருளைப் பற்றவைத்தார். குழாய் எளியது, ஆயின் எப்போது தீப்பற்ற வேண்டும் என்று அதற்குக் கட்டளையிட இயலாது. மின்பொறி கட்டளைக்குப் பணிவது. ஆயின் அந்நாளில் அது நோயாளிக் குழந்தைபோல ஓயாத கவனிப்பை வேண்டி நின்றது.

அந்தக் கவனிப்பை வீதியில் வைத்து முதன்முதற் செலுத்தியவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி என்பது குறிப்பிடத்தக்கது. 1888ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், கார்ள் பென்ஸின் மனைவியார் பேர்த்தா, கணவருக்குச் சொல்லாமலே இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு மன்னைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்தை அந்த வண்டியிற் கடந்தார். வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருட் குழாயைத் தொப்பி ஊசியினாற் குத்தித் திறந்தார் என்றும், உறை தேய்ந்து மின் ஒழுகிய தீமூட்டற் கம்பியைத் தமது காலுறைப் பட்டியினாற் சுற்றிக் காத்தார் என்றும் சொல்லப்படுகின்றது. குறை எங்கே என்று ஒழுங்காகத் தேடி, கையிலுள்ளதைக் கொண்டு அதனைத் தீர்க்கும் கலை, மோட்டார்க் காரோடு கூடவே பிறந்தது என்பதற்கு இச்செய்தி சான்றாகும்.

பென்ஸின் அதிர்சுருளில் ஒரு குறை இருந்தது. அதன் நாக்கு தன்பாட்டில் அதிர்ந்து பொறிகளைச் சரமாரியாகச் சொரிந்தமையால், விரைந்து சுழலும் இயந்திரத்துக்கு வேண்டிய கணக் குறிப்பு அதனிடம் இல்லை. பிரான்சு தேசத்து டி டியோன் - பூட்டன் நிறுவனம் 1895 அளவில் இதற்கு வழி கண்டது. இயந்திரத்தின் தண்டே ஒரு புடைப்பினால் தொடுமுனைகளைத் தள்ளித் திறக்குமாறு பூட்டன் அமைத்தார். பிஸ்ரன் எந்த இடத்தில் நிற்கும்போது பொறி வேண்டுமோ அந்த இடத்திலேயே பொறி பிறந்தது. டைம்லரின் சுடுகுழாய் இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஆயிரஞ் சுற்றையும் எட்டாதிருந்த காலத்தில், டி டியோனின் சிறு இயந்திரம் 1,500 சுற்றையும் தாண்டி ஓடியது.

பற்றரிகள் விரைவில் வலுவிழந்த அக்காலத்தில், பற்றரியே வேண்டாத வேறொரு வழியும் வளர்ந்தது. ஸ்ருட்கார்ட் நகரில் றொபேட் பொஷ்ஷின் பட்டறை, காந்தத்தின் நடுவே கம்பிச்சுருளைச் சுழற்றி மின்னைப் பிறப்பிக்கும் மக்னீற்றோவை 1897இல் வாகனத்துக்கு ஏற்றவாறு திருத்தியது. அங்கு பணிபுரிந்த கொட்லொப் ஹொனோல்ட் 1902 அளவில் உயர்அழுத்த மக்னீற்றோவைப் படைத்தார். அது வெகுவிரைவில் உலகெங்கும் பரவியது. 1914இற் போர் மூண்டபோது, தனது மோட்டார் வாகனங்களும் ஆகாய விமானங்களும் ஜேர்மன் மக்னீற்றோக்களையே பெரிதும் நம்பியிருந்தன என்பதை உணர்ந்த பிரித்தானியா, அவற்றைத் தானே செய்யக் கற்க வேண்டியதாயிற்று. மக்னீற்றோவும் தொடுமுனைகளை ஒழிக்கவில்லை. அதன் உள்ளேயும் அவை இருந்து தேய்ந்தன.

அமெரிக்காவில் ஹென்றி போர்டின் 'ரி' மாதிரிக் கார், 1908 முதல் 1927 வரை 1,50,00,000 எண்ணிக்கையில் வெளிவந்தது. அதில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு அதிர்சுருள்கள் மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் தொடுமுனைகள். நான்கும் ஒருசீராக அதிர்ந்தாலன்றி இயந்திரம் ஒருசீராக ஓடாது. பழகிய சாரதி குளவிபோல் இரையும் ஒலியைக் கேட்டே எந்தப் பெட்டி நலிந்துள்ளது என்று அறிந்துகொண்டார்.

இந்த நிலையை மாற்றியவர் சார்ள்ஸ் கெற்றரிங் என்னும் பொறியியலாளர். ஒஹையோ மாநிலத்தின் டேற்றன் நகரிற் காசுப்பதிவு இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்திற் பணிபுரிந்த அவர், தம் நண்பர் எட்வேட் டீட்ஸின் வீட்டுக் கொட்டிலிலே, வேலை முடிந்த மாலைகளில், சில தோழர்களோடு கூடி ஒரு புதிய தீமூட்டல் முறையை உருவாக்கினார். ஒரு வெடிப்புக்கு ஒரே பொறி. அந்தப் பொறியும் உரிய கணத்தில், முழு வலுவோடு. இதுவே அவர் கொள்கை. பொறிச் சரத்துக்கு முடிவு கண்டமையால் பற்றரியின் வலு வீணாகவில்லை. முனைகளும் விரைவிற் கருகவில்லை. கடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்ட் 1910ஆம் ஆண்டுக் கார்களுக்காக இதனை ஆயிரக்கணக்கில் வாங்க இசைந்தார். கொட்டிலிற் கூடிய குழு டெல்கோ என்னும் நிறுவனமாயிற்று. 1912ஆம் ஆண்டுக் கடிலாக் காரில் கெற்றரிங்கின் மின் தொடக்கியும், விளக்குகளும், தீமூட்டலும் ஒரே தொகுதியாக அமைந்தன. ஓடும்போதே பற்றரிக்கு மின்னேற்றும் வசதி அதனோடு வந்தது. பற்றரி சாகும் என்ற அச்சம் நீங்கவே, மக்னீற்றோ மெல்ல மெல்லக் காரை விட்டு விலகியது.

கெற்றரிங்கின் பெயரால் வழங்கும் அம்முறை 1970கள் வரை பெரிய மாற்றமின்றி நின்றது. உலோகம் மட்டும் மாறியது. ஆதியில் முனைகள் பிளாற்றினத்தால் ஆனவை, விலை மிக்கவை. 1910 அளவில் குலிட்ஜ் என்னும் அமெரிக்க அறிஞர் தங்குதன் உலோகத்தை வளைத்து வேலைசெய்யும் முறையைக் கண்ட பின்னர், கடினமும் வெப்பந் தாங்கும் வலிமையும் கொண்ட தங்குதன் அவ்விடத்தைப் பிடித்தது.

இனி, தொடுமுனைகள் நோயுறும் வகையை அறிய வேண்டுமாயின் அவற்றின் செயலைச் சற்று நுணுகிப் பார்த்தல் வேண்டும். முனைகள் சேர்ந்திருக்கும்போது 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து மூன்று அல்லது நான்கு அம்பியர் அளவில் மின் சுருளின் ஊடாகப் பாய்ந்து, அதன் இரும்பைக் காந்தமாக்குகின்றது. புடைப்புகள் கொண்ட சுழல்தண்டு முனைகளைத் திறந்தவுடன் காந்தம் சரிகின்றது. அச்சரிவினால் மெல்லிய கம்பியில் பதினையாயிரம், இருபதினாயிரம் வோல்ற்று அழுத்தம் எழுந்து, உரிய பிளக்கிற் பொறியாகப் பாய்கின்றது. முனைகள் திறக்குங் கணத்தில் அவற்றிடையே பாய முயலும் மின்னைக் கொண்டென்சர் ஏற்றுக்கொள்கின்றது. ஆகவே நல்ல பொறிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: முனைகள் போதிய நேரம் சேர்ந்திருக்க வேண்டும், பிரியும்போது சட்டெனப் பிரிய வேண்டும்.

இடைவெளி பெருத்தால் முதலாவது நிபந்தனை கெடுகின்றது. முனைகள் சேர்ந்திருக்கும் நேரங் குறைவதால் சுருள் நிறைவதில்லை. மெதுவான ஓட்டத்தில் இது தெரியாது. வேகங் கூடும்போது இயந்திரம் இடறும். இடைவெளி சிறுத்தால் இரண்டாவது நிபந்தனை கெடுகின்றது. முனைகளுக்கிடையே பொறி எரிந்து அவற்றைக் கருக்கும். காலையில் இயந்திரத்தை உயிர்ப்பித்தல் கடினமாகும். அன்றியும், இடைவெளி பெருத்தால் பொறி முந்தும், சிறுத்தால் பிந்தும். முனைகளைத் தள்ளும் நார்ப்பொருட் குதி தேயத் தேய இடைவெளி தானே சிறுக்குமாதலால், கவனியாத கார் நாளடைவில் வலுக் குன்றுவது இயல்பு. இடைவெளியை முதலிற் சரிசெய்து, அதன் பின்னரே பொறியின் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று பழைய தொழிலாளர் வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

முனைகளின் முகமும் பேசும். சாம்பல் நிறமாக, ஒருசீராக இருந்தால் நலம். நீலம் பாய்ந்திருந்தால் அவை அளவுக்கு மேற் சூடேறியுள்ளன. கறுத்து மெழுகியிருந்தால் எண்ணெயோ கொழுப்போ ஏறியுள்ளது. ஒரு முகத்திற் குழியும் மறுமுகத்தில் மேடும் சிறிதளவு தோன்றுதல் இயற்கை. சில நாட்களிலேயே அவை பெரிதாக வளர்ந்தால் கொண்டென்சரின் அளவு பொருந்தவில்லை என்று ஐயுறலாம். ஓடும்போது முனைகளிடையே வெண்ணீலச் சுடர் பெரிதாகத் தெறித்தால் கொண்டென்சர் பழுதென்பது பெரும்பாலும் உறுதி.

வீதியிற் குறை தேடுவதற்கு ஒரு சிறு மின்விளக்கே போதுமாயிருந்தது. சுருளிலிருந்து முனைகளுக்கு வரும் கம்பியிணைப்பிலே விளக்கின் ஒரு நுனியையும், இயந்திரத்தின் இரும்பிலே மறு நுனியையும் தொடுத்து, திறப்பைப் போட்டு இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால், முனைகள் திறக்கும்போது விளக்கு எரிந்து, சேரும்போது அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் முனைகள் சேர்ந்தும் மின் கடக்கவில்லை. முகத்தில் மாசு படிந்திருக்கலாம், அல்லது உள்ளிருக்கும் மெல்லிய நிலத்தொடர்புக் கம்பி அறுந்திருக்கலாம். எரியவே இல்லையாயின் சுருள்வரை மின் வரவில்லை, அல்லது சுருளுள் கம்பி அறுந்துள்ளது, அல்லது கொண்டென்சர் உட்பழுதுற்று மின்னை இரும்புக்கு ஒழுகவிடுகின்றது. கேள்வி ஒன்றுக்கு விடை ஒன்றாகக் குறையின் எல்லை இவ்வாறு சுருங்கிவரும்.

பராமரிப்போ அதிலும் எளிது. குதி புடைப்பின் உச்சியில் நிற்கும்போதே இடைவெளியை அளவுத்தகட்டினால் அளக்க வேண்டும். மொறிஸ் மைனர் 1000 போன்ற பிரித்தானியக் கார்களின் லூக்காஸ் அமைப்புக்கு 0.014 முதல் 0.016 அங்குலம் வரை விதிக்கப்பட்டது. தகடு இறுகிப் பிடிக்கவுங் கூடாது. தளர்ந்து ஆடவுங் கூடாது. மேடு வளர்ந்த பழைய முனைகளில் தகடு பொய்யளவு காட்டும். மேட்டை நுண்ணிய சாணைக்கல்லால் தேய்த்த பின்னரே அளக்க வேண்டும். மணற்றாள் ஆகாது, அதன் துகள்கள் உலோகத்திற் புதைந்து மின்னை மறிக்கும். தேய்த்த முகத்தைப் பெற்றோல் தோய்ந்த தூய துணியால் துடைத்து, விரல் படாமல் விட வேண்டும். சுழல்தண்டின் புடைப்புகளுக்குக் கொழுப்பு மிகச் சிறிதளவே வேண்டும். மிகுந்தால் அது தெறித்து முனைகளிற் படிந்து கருகும். பல மாதம் நின்ற கார் உயிர்பெறாவிடின் முனைகளில் மெல்லிய துருப்படலம் படர்ந்திருக்கக் கூடும். அதனைத் துடைப்பதற்கு முன் பெரும் பாகங்களைக் கழற்றுதல் வீண்வேலை.

இத்தகைய எளிய அறிவு ஒரு சமூகத்தின் உயிர்நாடியாக நின்ற காலமும் உண்டு. 1990களிலே, போரும் பொருட்டடையும் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்தபோது, பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. புதிய வாகனங்களுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் வழி அருகியது. அந்நாட்களில் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்றவற்றுள் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய பழைய கார்கள் இருந்தன. சிறிதளவு பெற்றோலைக் காபுரேற்றரில் வார்த்து இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதது. பிளக்குகளிற் புகைக்கரியைப் படிவிப்பது. அத்தகைய எரிபொருளைப் பற்றவைக்கப் பொறி நலிந்திருக்கலாகாது. முனைகளைத் துடைத்தும் தேய்த்தும் அளந்தும் அக்கார்களை ஓடச் செய்த கராஜுத் தொழிலாளரின் பெயர்கள் எந்த நூலிலும் இடம்பெறவில்லை. திறந்து பார்க்கவும், கையால் திருத்தவும் இடந்தந்த இயந்திரம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அந்த இடத்தை அவர்களுடைய அறிவு நிரப்பியது.

தொடுமுனைகளின் வீழ்ச்சிக்கு வித்திட்டது காற்று மாசு பற்றிய கவலை ஆகும். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள், கார் 50,000 மைல் ஓடிய பின்னும் அதன் புகை வரம்பு மீறலாகாது என்று வேண்டின. சில ஆயிரம் மைல்களிலேயே தேய்ந்து நேரந் தவறும் தொடுமுனைகளால் இந்த வாக்குறுதியைக் காக்க இயலாது. ஒரு பொறி தவறினால் எரியாத பெற்றோல் அப்படியே வெளியேறிக் காற்றைக் கெடுக்கும். கிறைஸ்லர் நிறுவனம் 1973ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து தன் அமெரிக்கக் கார்கள் யாவற்றிலும் தொடுமுனை அற்ற மின்னணுத் தீமூட்டலை அமைத்தது. ஏனைய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. உலோகம் உலோகத்தைத் தொடாமையால் தேய்வு இல்லை. தேய்வு இல்லாமையால் அளக்கும் தேவையும் இல்லை. மாற்றம் நியாயமானது, காற்றுக்கும் நன்மை பயந்தது.

ஆயினும் பழைய கார் ஒன்றைப் பேணுவோர் இன்று ஒரு தெரிவின்முன் நிற்கின்றனர். தொடுமுனைகளை அகற்றி, அவ்விடத்தில் மின்னணு உறுப்பொன்றைப் பொருத்திவிடலாம். அது நெடுநாள் கவனிப்பின்றி உழைக்கும். ஆனால் பழுதுபடும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி ஓய்ந்துவிடும். வீதியோரத்தில் அதனைத் திருத்த வழியில்லை. தொடுமுனைகளோ அடிக்கடி கவனிப்பை வேண்டுவன. ஆனால் நிறத்தாலும், இடறலாலும், காலைநேரச் சோம்பலாலும் தம் நோயை முன்கூட்டியே அறிவிப்பன. மின்னணு உறுப்பைப் பொருத்துவோரும் பழைய முனைகளையும் ஒரு நல்ல கொண்டென்சரையும் காரிலேயே வைத்திருத்தல் நன்று.

முனைகளையும் சுருள்களையும் அரும்பொருட்சாலைகள் காத்துவைக்கும். தகட்டை எவ்வளவு இறுக்கத்தோடு இழுக்க வேண்டும் என்னும் விரலறிவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காக்க இயலாது. அது ஒரு கையிலிருந்து மறு கைக்கே செல்ல வேண்டும். முதிய தொழிலாளர் பலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களின் அறிவைப் பெறுவதற்கு ஓர் அளவுத்தகடும், ஒரு சிறு மின்விளக்கும், பழைய கார் ஒன்றும், அதனருகே நின்று பார்க்கப் பொறுமையுள்ள ஓர் இளைஞனும் போதும்.